பாக்டரி ஏத்தமும் அத்தையின் கைராசியும்

என் வயதுக்காரர்களே, நமக்கெல்லாம் முட்டி வலிக்கத் தொடங்கிவிட்டது. சாயம் பூசுகிறவர்கள் பூசுகிறோம், பூசாதவர்கள் நரையைப் பற்றிக் கவலையே இல்லாதது போல நடிக்கிறோம். மலையிலிருந்து விழும் ஒரே பீலித் தண்ணீரில் குளித்து, ஒரே நேரத்தில் சளி பிடித்து வளர்ந்தவர்கள் நாம். எங்கேயாவது கல்யாண வீட்டில் கூடினால் போதும், யாராவது ஒருத்தர் தொடங்கிவிடுகிறீர்கள், அந்தக் காலம் மாதிரி வருமா என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல காலமாம், பெரிய நல்ல காலம்! எங்கள் வீட்டுக்கு ஒரு மார்கழி வந்தது. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது இருக்கும். தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்கினால், தேயிலைக்குள் வளைந்து வளைந்து கீழே போகும் தோட்டத்து ரோடு. அதன் அடியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளாக எங்கள் லயம். அப்பா தோட்டத்து லொறி டிரைவர். தோட்டத்து ஆபீஸ் வேலையை விட்டுப் போன ஒரு கிளாக்கையா, கொண்டுபோக வழியில்லாமல் தன் பழைய காரை அப்பாவிடம் விட்டுப் போயிருந்தார். நமக்கெல்லாம் மூத்த கார் அது. கரும்பச்சை நிறம், முதுகு வளைந்திருக்கும். நீங்கள்தானே அதற்கு ஆமைக் கார் என்று பேர் வைத்தீர்கள்? லொறி வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையிலும் அப்பா அதை ஹயருக்கு ஓட்டுவார். நம்மில் பாதிப் பேரின் அம்மாமார் பிள்ளை பெறுவதற்கு அந்தக் காரில்தான் போனார்கள்.

ஆனால் பாக்டரி ஏத்தம் இருக்கிறதே, அங்கே வந்ததும் ஆமை நின்றுவிடும். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ரோடு சட்டென்று நிமிர்கிற அந்த வளைவு. நிறைமாதக்காரியைத் தவிர எல்லாரும் இறங்க வேண்டும். அப்பா தனியாக ஓட்டிப் போவார், பின்னால் ஒருவர் கையில் கல்லோடு ஓடுவார், கார் வழுக்கினால் டயருக்கு அண்டை கொடுக்க. மற்றவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு ஏறி, மேலே போய்த் திரும்ப ஏறிக்கொள்வார்கள். வறுத்த தேயிலை வாசம் மூக்கில் ஏறும். அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை. மழை பெய்தால் குடை பிடிப்பது போல, ஏத்தம் வந்தால் இறங்குவோம், அவ்வளவுதான்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கச்சி. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். கொழுந்து பறிப்பதில் கெட்டிக்காரி என்பதை விட, கைராசிக்காரி என்றுதான் அவளுக்குப் பேர். கவ்வாத்து வெட்டிய மலையில் முதல் கொழுந்து கிள்ளுவதற்குக் கங்காணி அவளைத்தான் கூப்பிடுவார். அடைக்கு முட்டை வைக்க, பசுவில் முதல் பால் கறக்க, தொட்டில் கட்ட, எல்லாவற்றுக்கும் லயத்தில் அவள் கைதான். அந்தக் குளிரில் கறிவேப்பிலை எங்காவது தழைக்குமா? அவள் நட்டது எங்கள் வாசலில் இடுப்புயரம் நின்றது. "ஒங்கத்தை கைய எனக்கு ஒரு நாளைக்குக் கடன் குடுக்கச் சொல்லுடி" என்று பக்கத்துக் காம்பிரா வீட்டுக்காரிகள் என்னிடம் கேலி பேசுவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவளுக்கு இறம்பொடைப் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை அமைந்தது. தை பிறந்ததும் கல்யாணம், அவர்கள் தோட்டத்துக் கோயிலில். பரிசம் போட வந்தவர்களை அப்பாதான் பஸ் நிற்கும் இடத்திலிருந்து காரில் கூட்டி வந்தார், திரும்பக் கொண்டுபோய் விடவும் வேண்டும். வெற்றிலை மாற்றி முடிந்து எல்லாரும் சிரித்த முகமாக இருந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா, வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, "எல்லாஞ் சரி சம்பந்தி. வர்றப்பவே அந்த ஏத்தத்தப் பாத்தேன். கார் ஏறுமா? கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு கார்ல வருமா, இல்ல கார தள்ளிக்கிட்டு வருமா?" என்றார்.

முன் காம்பிரா முழுக்கச் சிரிப்பு. அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். ஆனால் கையில் மடித்து வைத்திருந்த வெற்றிலையை வாயில் போடாமல் அப்படியே தட்டில் வைத்ததை நான் பார்த்தேன். அவர்கள் திரும்பிப் போகும்போது அந்த அம்மாவும் இறங்கித்தான் ஏத்தத்தில் நடந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா காரின் மூடியைத் திறந்தார். இன்ஜினைப் பிரிக்கப் போகிறேன் என்றார். அம்மாவுக்கு மயக்கம் வராத குறை.

"கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்பத்தானா இத நோண்டணும்? ஓடுற வரைக்கும் ஓடட்டுமே!"

"ஓடுறது போதாது" என்றார் அப்பா. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. இன்ஜினின் பக்கத்தில் கறுப்பு மூடி போட்டு, வயர்கள் தலைமுடி போலப் பிரிந்து போகும் சாமான் ஒன்று உண்டு, டிஸ்ட்ரிபியூட்டர். எந்தப் பிஸ்டனுக்கு எப்போது நெருப்புப் பொறி போக வேண்டும் என்று பங்கு பிரித்து அனுப்புவது அதுதான். அதைப் பிடித்துக் கொஞ்சம் இப்படித் திருப்பினால் பொறி முந்தும், அப்படித் திருப்பினால் பிந்தும். அதைத்தான் டைமிங் வைப்பது என்பார்கள். கழற்றுவதற்கு முன் அது இருந்த நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாக்கட்டி போட்டால் எண்ணெயில் அழிந்துவிடும். அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். அத்தை உள்ளே போய், நகத்துக்குப் பூசும் தன் கியூட்டெக்ஸ் போத்தலைக் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கென்று ஹட்டனில் வாங்கிய ரத்தச் சிவப்பு. பரிசத்துக்கு ஒரு தடவை திறந்தது.

"நெறைய பூசிறாதீங்கண்ணே, கால் வெரலுக்கு வேணும்" என்றாள்.

அப்பா டிஸ்ட்ரிபியூட்டரின் மேலிருந்து இன்ஜினின் மேல் வரை ஒரே இழுப்பாகக் கோடு போட்டார். பிரித்தால் கோடு இரண்டாகும், திரும்ப மாட்டும்போது இரண்டும் சேர்ந்து ஒன்றாக வேண்டும். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது.

அந்த மார்கழி முழுக்க இன்ஜின் எங்களோடுதான் குடியிருந்தது. வெளியே வைத்தால் பனியில் துருப்பிடித்துவிடும் என்று, மாவுச் சாக்கை விரித்து முன் காம்பிராவில் வரிசையாக அடுக்கினார் அப்பா. பிஸ்டன்களுக்கும் வால்வுகளுக்கும் நடுவில் காலை மடக்கிக்கொண்டு தூங்கினோம். அம்மா குழம்பு வைக்கும் பெரிய சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒவ்வொன்றாக அப்பா கழுவினார். கோயில் பஜனைக்கு விடியற்காலையில் எழுந்து போனால், பக்கத்தில் நிற்கிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்கள் எல்லார் மேலும் மண்ணெண்ணெய் வாசம்.

புதுச் சாமான்களைச் சித்தப்பா கொண்டுவந்தார். அப்பாவின் தம்பி, கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடிப் பொறுக்கி, பிஸ்டன் ரிங், பொயின்ட், பிளக், கேஸ்கெட், ஒரு டைமிங் சங்கிலி எல்லாவற்றையும் பைக்குள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தவரை வழியில் செக்பொயின்டில் இறக்கிவிட்டார்கள். ஆர்மிக்காரன் சங்கிலியைத் தூக்கிப் பிடித்து, "மேக்க மொகக்த?" என்று கேட்டானாம், இது என்ன என்று. வயரும் பிளக்கும் சங்கிலியும் ஒரு தமிழ்ப் பையன் கையில்! அந்த யுத்த காலத்தில் குண்டென்று சந்தேகப்பட அதற்கு மேல் என்ன வேண்டும்? விசாரித்து விடுவதற்குள் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. நல்ல காலம் என்கிறீர்களே, இதையும் சேர்த்துத்தானே?

"நெசமாவே குண்டு கொண்டு வர்றவன் கூட இப்புடி மாட்டுனதில்லண்ணே" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அத்தை அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, தலையைத் தடவிவிட்டாள்.

பொங்கலுக்கு முந்தி எல்லாவற்றையும் மாட்டி முடித்தார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்டுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று அளக்கக் கருவியில்லை, சிகரட் பெட்டி அட்டையைக் கிழித்துச் செருகிப் பார்த்தார் அப்பா. கடைசியாக டிஸ்ட்ரிபியூட்டர். சித்தப்பா டோர்ச் பிடித்தார். நான் மட்காட்டில் சாய்ந்துகொண்டு அந்தச் சிவப்புக் கோடு ஒன்று சேர்வதைப் பார்க்கக் காத்திருந்தேன். சேர்ந்தது. ஆனால் அப்பா அதோடு நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். கோடு விலகி, இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் விழுந்தது.

"கோட்டத் தாண்டிருச்சேண்ணே" என்றார் சித்தப்பா.

"எனக்குத் தெரியும். நீ நட்ட இறுக்கு."

இறுக்கினார்.

மறுநாள் காலையில் நல்ல நேரம் பார்த்து முதல் ஸ்டார்ட். புது ரிங் போட்ட இன்ஜின் கல் மாதிரி இறுகியிருக்கும், கிழட்டு பேட்டரியால் அதைச் சுற்ற முடியாது. வழக்கமாக இறக்கத்தில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணுவோம். கல்யாணக் காரை முதல் முதலில் தள்ளவா முடியும்? ஆகவே ஹேண்டில். முன்னால் ஓட்டைக்குள் விட்டுச் சுற்றுகிற அந்த வளைந்த இரும்புக் கம்பியை நீங்களெல்லாம் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் சுற்று யார் கையால் என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. இந்த லயத்தில் கைராசிக்காரி வேறு யார்?

டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். நான் கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தேன். பனி மலையிலிருந்து இறங்கி, லயத்துக் கூரைகளைப் பாதி மறைத்திருந்தது. அத்தை தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலில் துண்டைச் சுற்றியிருந்தாள். ஒரு வாரமாக எலுமிச்சம் மூடியால் தேய்த்துத் தேய்த்து விரல்களிலிருந்த கொழுந்துக் கறையைக் கொஞ்சம் வெளிறவைத்திருந்தாள். அப்பா ஹேண்டிலைச் சரியான இடத்துக்குச் சுற்றி நிறுத்திக் கொடுத்தார்.

"ஒரே இழுப்புதான் தங்கச்சி. மேல பாத்து இழு. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

ஹேண்டில் பிடிக்க ஒரு முறை உண்டு. கட்டை விரலை எதிர்ப்பக்கமாக மடித்துப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். திருப்பி அடித்தால் கை தானாக நழுவிக்கொள்ளும். கார் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். அப்பாவுக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும். ஆனால் அது சாங்கியத்துக்கு ஒரு இழுப்பு, அவ்வளவுதானே. சாமிக்கு விளக்கேற்றச் சொல்கிறபோது நெருப்புச் சுடும் என்று யாராவது சொல்வார்களா? யாரும் சொல்லவில்லை. அத்தை கூடையைப் பிடிப்பது போல இறுக்கி, கட்டை விரலை மடித்துப் பிடித்து இழுத்தாள்.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஹேண்டில் எதிர்த்திசையில் சுழன்று அடித்தது. விறகு முறிவது போல இன்னொரு சத்தம் கேட்டது, அது அத்தையின் மணிக்கட்டு. அவள் கத்தவில்லை. கையைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் தட்டிலிருந்த கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது.

நுவரெலியா ஆசுபத்திரிக்குத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். அம்மா அதைத்தான் சொன்னாள். ஆனால் கூடிய பெரியவர்கள் விடவில்லை.

"மாவுக்கட்டு போட்டா மாசக்கணக்குல அவுக்க மாட்டாங்க. வெள்ளக் கட்டோட மணவறையில ஒக்காருமா பொண்ணு? சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு லொறிச் சாவியை எடுத்தார். அதனால் டவுனுக்குப் பக்கத்தில் முறிவுக்குக் கட்டுகிற சிங்கள வெதமஹத்தயாவிடம் லொறியில் கொண்டுபோனார்கள். ஆமைக் கார் அங்கேயே நின்றது. எல்லாரையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன கார், அவளைக் கொண்டுபோகவில்லை. எண்ணெய் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். ஒரு வாரத்தில் கை பலாக்காய் மாதிரி வீங்கி, பிறகு வற்றியபோது மணிக்கட்டு வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. கடைசிவரை அது நிமிரவில்லை.

கை முறிந்த மறுநாள் காலை நான் வெளியே வந்தபோது, அப்பா தனியாகக் காருக்குள் குனிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நட்டுச் சாவியைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். நான் எட்டிப் பார்த்தேன். சிவப்புக் கோடு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. அன்றைக்குச் சித்தப்பா இரண்டு சுற்றுச் சுற்றினார், கார் பூனை மாதிரி உறுமிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா?

"பாத்தியா, அவன் தொட்டதும் எடுத்துருச்சு. கார்ல கொற இல்ல. அது கையிலதான் ஏதோ ஆயிருச்சு."

அந்தப் பேச்சு இறம்பொடைக்குப் போய்ச்சேர நாள் ஆகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா கைராசி போன பொண்ண விளக்கேத்தக் கூட்டிட்டு வர முடியாது, கொழுந்தெடுக்க முடியாத கையை வச்சுக்கிட்டு எங்க தோட்டத்துல வேலைக்குப் பேரும் பதிய மாட்டாங்க. பரிசப் புடவை திரும்பிப் போனது. அத்தை அதை மடித்துக் கொடுத்த விதம் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இடது கையால் மடித்தாள், ஓரம் சேரவில்லை, பிரித்துப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வரன் வரவில்லை. புதுக் கொழுந்து கிள்ளக் கங்காணி வேறொருத்தியைக் கூப்பிட்டார். தொட்டில் கட்டவும் யாரும் கூப்பிடவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவாள், கோணிய கையோடு மலையேறுவாள், நிறை குறைந்து பல நாள் பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேர்தான் விழும். வாசலில் அவள் நட்ட கறிவேப்பிலை ஒரு கடும்பனியில் செத்துப் போனபோது, "என் கைதான்" என்றாள். நம்பித்தான் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியாதது. பக்கத்தில் நின்ற அப்பா தரையைப் பார்த்தார். அப்பா பிறகு ஒருநாளும் ஹேண்டிலைத் தொடவில்லை, எங்கே போனாலும் காரை இறக்கத்தில்தான் நிறுத்துவார். சில வருஷங்களில் காரும் இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

நான் கல்யாணமாகி ஹட்டனுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், இன்ஜின் என்றால் உயிர். வெகுகாலம் கழித்து ஒரு மழை நாளில், பேச்சுவாக்கில் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"கோட்டத் தாண்டி வச்சாரா? அப்ப பொறி முந்திருச்சு. ஓட்டத்துல நல்லா இழுக்கும், ஆனா கையால மெதுவா சுத்துறப்ப பிஸ்டன் மேல வர்றதுக்கு முந்தியே வெடிச்சு, இன்ஜின் திருப்பி அடிக்கும். யார் சுத்தியிருந்தாலும் கை போயிருக்கும். இதுல ராசி எங்கருந்து வந்துச்சு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை வருஷம்! ஒரு வார்த்தை, "அது என் தப்பு, தங்கச்சி கையில ஒண்ணுமில்ல" என்று ஒரே ஒரு வார்த்தை அப்பா சொல்லியிருந்தால்? முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அப்பாவுக்கு அப்போது பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திருந்தது. அம்மா காலமாகிவிட்டாள். அத்தைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது, சுவரில் சாய்த்து உட்காரவைத்து, இடது கையால் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கோணிய வலது கை அவர் தாடைக்குக் கீழே சிந்தாமல் ஏந்தியிருந்தது. வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை நான்.

"அப்பா, அன்னைக்கு ஏன் கோட்டத் தாண்டி வச்சீங்க? மறுநா காலைல யாருக்கும் தெரியாம ஏன் திருப்பி வச்சீங்க? அத்தை கையில குத்தமில்லன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே?"

அத்தையின் கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள், அந்தக் காலையில் ஈரத் தரையில் பார்த்த அதே பார்வை. அப்பாவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

"அந்தம்மா... கேட்டுச்சுல்ல தங்கச்சி. பொண்ணு கார தள்ளிக்கிட்டு வருமான்னு. எல்லாருஞ் சிரிச்சாங்க. கல்யாணத்தன்னைக்கு... பாக்டரி ஏத்தத்துல ஒன்னைய எறக்கக் கூடாதுன்னுதான்... இழுக்கட்டும்னு கொஞ்சம் முன்னுக்கு வச்சேன். அப்பறம்... சொல்ல வாய் வரல."

அத்தை கத்துவாள் என்று நினைத்தேன். நானாக இருந்திருந்தால் தட்டைத் தூக்கி வீசியிருப்பேன். அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யாருடையதோ கையைப் பார்ப்பது போல.

"என் கைன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றாள் மெதுவாக. தட்டைக் கீழே வைத்தாள். கண்ணீர் அதன் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை.

"எல்லாரும் எறங்குற எடந்தானேண்ணே அது. நானும் எறங்கி நடந்திருப்பேனே."